எங்கள் மலைச்சரிவை வெள்ளையாக விடாதீர்கள்: இனப் பரம்பல் வரைபடம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளைக் கொண்டு இலங்கையின் இனப் பரம்பலை வரைபடமாக்கும் ஆய்வாளர்களுக்கும், திட்டமிடல் பணியில் இருப்போருக்கும், தொண்டு நிறுவனங்களின் தரவுப் பிரிவினருக்கும், பத்திரிகைகளில் படம் வரைவோருக்கும்,

நான் கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மேலே தேயிலை, கீழே றப்பர். தோட்டப் பாடசாலைகளில் புவியியலும் சமூகக் கல்வியும் படிப்பித்து ஓய்வுபெற்றேன். வரைபடம் எனக்குப் புதிதில்லை. பிள்ளைகளுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்ததுதான் என் தொழில். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மண்சரிவு அபாயம் பற்றி எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்துக்குத் தோட்டத்துச் சார்பில் போயிருந்தேன். தமிழில் எச்சரிக்கைத் துண்டறிக்கை எங்கெங்கே கொடுக்க வேண்டும், தமிழ் பேசும் தொண்டர்கள் எங்கெங்கே தேவை என்று முடிவெடுக்க ஒரு படத்தைத் திரையில் போட்டார்கள். நுவரெலியா கடும் பச்சை. பதுளையில் சில இடங்கள் இளம் பச்சை. எங்கள் பிரதேச செயலகப் பிரிவு வெள்ளை. வெள்ளை என்றால் என்ன என்று கேட்டேன். பத்து வீதத்துக்குக் குறைவாக உள்ள இனத்தைப் படத்தில் காட்டவில்லை என்றார் படம் செய்த இளைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். அட்டவணையைத் திறந்து காட்டும்படி கேட்டேன், காட்டினார். இலங்கைத் தமிழர் ஒரு நிரலில், இந்தியத் தமிழர், அதாவது மலையகத் தமிழராகிய நாங்கள், இன்னொரு நிரலில். இரண்டுமே தனித்தனியே பத்துக்குக் கீழே. கூட்டினால் பத்தைத் தாண்டுகிறது. யாரும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. அந்த இரண்டு நிரலிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்து ஆட்கள், ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சுவருக்குச் சுவர் இருப்பவர்கள் என்று சொன்னேன். அடுத்த முறை திருத்தலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை என்று எங்களால் காத்திருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களோடு சேர்த்து மனிதர்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 2016 மே மாதம் எங்கள் கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுப்பிட்டியவில் களுப்பஹனைத் தோட்டத்து லயங்களும் மண்ணுக்குள் போயின. மழை பெய்யும் இரவில், எழும்பி ஓடு என்ற செய்தி ஒருவருக்கு விளங்கும் மொழியில் வருகிறதா என்பது உயிர் பற்றிய கேள்வி. அந்தச் செய்தி எங்கே தமிழில் போக வேண்டும் என்பதை உங்கள் படம் தீர்மானிக்கிறது. நீங்கள் வெள்ளையாக விட்ட இடத்துக்குத் துண்டறிக்கை வரவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து கையால் எழுதி, போட்டோப் பிரதி எடுத்து, லயம் லயமாகக் கொடுத்தோம்.

துண்டறிக்கை மட்டுமில்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவின் மொத்தச் சனத்தொகையில் மொழிச் சிறுபான்மையினர் எவ்வளவு பங்கு என்பதைக் கருத்தில் கொண்டு, அந்தப் பிரிவை இருமொழி நிர்வாகப் பிரிவாக ஜனாதிபதி பிரகடனப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்கு அளவுகோலாக வழக்கமாக எடுப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை வீதம். மொழிக்குரிய கணக்கு அது. ஆனாலும் நடைமுறையில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இன அட்டவணையைத்தான். அதில் தமிழ் பேசுவோர் இரண்டு மூன்று நிரல்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள்: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்கள். தனித்தனியே பார்க்கிறவருக்கு எட்டில் ஒரு பங்கு எங்கேயும் தெரியாது. பிறப்புப் பதிவுக்குப் போகும் தாய்க்கும், பொலிசில் முறைப்பாடு எழுதப் போகும் தொழிலாளிக்கும் அதன் விளைவு உடனே தெரியும்.

2024 குடிசன மதிப்பீட்டின் இன விவரங்கள் வெளிவந்த பிறகு நிலைமை மோசமாகியிருக்கிறது. 2012இல் நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக இருந்த நாங்கள் இப்போது 2.8 வீதம். சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் என்றிருந்தது 6 இலட்சமளவுக்கு இறங்கிவிட்டது. உடனே இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் வெளிறிப்போன மலைநாட்டைக் காட்டி, மலையகத் தமிழர் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று தலைப்புப் போடுகிறார்கள். இன்னும் சிலர், நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று விளக்கமும் எழுதுகிறார்கள்.

தயவுசெய்து பக்கத்து நிரலையும் பாருங்கள். இலங்கைத் தமிழர் 2012இல் 11.1 வீதம், 2024இல் 12.3 வீதம். எங்கள் நிரலில் 1.3 இறங்க, அந்த நிரலில் 1.2 ஏறியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2012இல் 15.2, 2024இல் 15.1. பன்னிரண்டு வருடத்தில் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட அசையவே இல்லை. வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் எங்கள் பிள்ளைகள் போகிறார்கள், அது உண்மை. தோட்டத்தில் பிறப்பு குறைகிறது, அதுவும் உண்மை. ஆனால் இந்த இறக்கத்தில் பெரும் பங்கு, ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு நடந்த இடமாற்றம் என்றே நான் நினைக்கிறேன். ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். பதிவுதான் நகர்ந்திருக்கிறது. நீங்கள் வரைவதோ ஆட்கள் போய்விட்ட படம்.

இது புதிதாக நடக்கிற விடயமும் இல்லை. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதலில் பிரித்து எண்ணினார்கள். 1946இல் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர், 11.7 வீதம். அன்றைக்கு இலங்கைத் தமிழரை விட எண்ணிக்கையில் கூட இருந்தவர்கள். இரண்டு வருடம் கழித்து, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் பிறந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் இன்றைக்கு நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். என் பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். தலைமன்னார் வரை ரயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த கதையை எங்கள் வீட்டில் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வந்த கணக்கைப் பாருங்கள். 1971இல் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 818,656. இதில் நாடு கடந்து போனவர்கள் நிறையப் பேர், சந்தேகமில்லை. ஆனால் அதே பத்து வருடத்தில் இலங்கைத் தமிழர் சுமார் 14 இலட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 18 இலட்சத்து 87 ஆயிரமாகக் கூடினார்கள். நூற்றுக்கு 32 கூடியிருக்கிறது. நாட்டின் மொத்தச் சனத்தொகை அந்தக் காலத்தில் நூற்றுக்கு 17தான் கூடியது. பிள்ளைப்பேறு மட்டும் இப்படிப் பெருக்காது. எங்கள் ஆட்கள் அன்றைக்கே நிரல் மாறத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் மாறினார்கள் என்று படம் வரைகிற நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். என் அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர். என்னுடையதிலும் அப்படித்தான். என் தங்கையுடையதில் இலங்கைத் தமிழர். ஒரே தாய் தகப்பன், ஒரே லயம். பதிவுக்குப் போன நாளில் யார் எழுதினார், எப்படி எழுதினார் என்பதுதான் வித்தியாசம். கணக்கெடுக்க வீட்டுக்கு ஆள் வந்தபோது, இலங்கைத் தமிழர் என்றே போடச் சொன்னார் என் தாய். பக்கத்தில் நின்ற பேரன், நாங்கள் மலையகத் தமிழர்தானே பாட்டி என்றான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார். இந்தியா என்ற பேர் ஒட்டியிருக்கும் எந்தக் கடதாசியும் ஒரு நாள் தன்னைக் கப்பலேற்றிவிடும் என்ற பயத்தோடு வாழ்ந்த தலைமுறை அது. 2003இல் வந்த சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்தது என்கிறீர்கள். சட்டம் தீர்த்தது. பயம் அப்படி ஒரே நாளில் தீராது.

இளைஞர்கள் வேறு திசையில் போகிறார்கள். 2023இல், மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு வருடமானதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். மலையகத் தமிழர் என்ற அடையாளத்தைத் தலை நிமிர்த்திச் சொல்கிறார்கள். 2024 வினாக்கொத்தில் இந்தியத் தமிழர் என்பதோடு மலையகத் தமிழர் என்பதும் சேர்ந்தது அந்தக் கோரிக்கையின் பலன். நல்ல காரியம்தான். ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்டதால், ஒன்றை ஏற்று மற்றதை ஏற்காதவர் என்ன செய்வார் என்ற கேள்வி இருக்கிறது. ஒரே வீட்டில் தாய் ஒரு பதில், மகன் ஒரு பதில், மருமகள் ஒரு பதில். இந்தப் பதில்களின் கூட்டுத்தொகைதான் உங்கள் அட்டவணை. அதைப் பார்த்து இங்கே இத்தனை மலையகத் தமிழர் வாழ்கிறார்கள் என்று படம் எழுதாதீர்கள். இத்தனை பேர் இப்படிப் பதிவாகியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் எங்கள் முழு வரலாறும் இருக்கிறது.

வடக்கே வன்னியையும் கொஞ்சம் பாருங்கள். எழுபதுகளின் பஞ்சத்திலும் தோட்டங்கள் அரசுடைமையான குழப்பத்திலும், பிறகு 1977, 1983 வன்செயல்களிலும் அடிபட்டு மலைநாட்டை விட்டுப் போன குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறின. தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் எல்லாம் எங்கள் உறவுகள் வாழும் ஊர்கள். 1981இல் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர் என்று பதிவானார். 2012இல் அது ஒரு வீதத்தை ஒட்டிக் கிடக்கிறது. அந்த மக்கள் எங்கும் போகவில்லை. போரைக் கடந்து, முகாமைக் கடந்து, அதே மண்ணுக்குத் திரும்பி, கூலி வேலை செய்துகொண்டு இருக்கிறார்கள். பலரிடம் இன்றும் காணி உறுதி இல்லை. வடக்கு வரைபடத்தில் அவர்களுக்கென்று ஒரு நிறம் இல்லாததால், அவர்களுடைய காணிப் பிரச்சினையும் தனியாகத் தெரிவதில்லை. வரைபடத்தை வைத்து உதவி பிரிக்கிற தொண்டு நிறுவனத்தார் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

இனி வரைகிற முறை. இதில்தான் உங்களோடு எனக்கு நேரடியான சண்டை.

எந்த இனம் அதிகமோ அந்த இனத்தின் நிறத்தை முழுப் பிரிவுக்கும் பூசுகிற பழக்கம் மிகப் பெரிய அநியாயத்தைச் செய்கிறது. கேகாலை மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிங்கள மக்கள். ஆகவே மாவட்டம் முழுக்க ஒரு நிறம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய மேட்டுப் பக்கத்தில் தோட்டம் தோட்டமாக இருக்கும் தமிழர் அந்த நிறத்துக்கடியில் போய்விடுகிறார்கள். இரத்தினபுரியில் இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை. மாத்தறையில் தெனியாய. காலியில் உடுகம. களுத்துறையில் மத்துகமை. மாத்தளையில் றத்தோட்டை, எல்கடுவை. இந்தப் பெயர்களை மலையகம் என்று உங்களில் எத்தனை பேர் நினைத்திருப்பீர்கள்? மலையகத் தமிழர் என்றால் நுவரெலியா என்று நாடே நினைக்கிறது. அப்படி நினைக்க வைத்ததில் இந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் 2012இல் இந்தியத் தமிழர் 53 வீதம், அது நிறத்தில் தெரியும். பதுளையில் 18 வீதத்துக்கு மேல், கண்டியில் 6 வீதம். பெரும்பான்மை நிறம் பூசும் படத்தில் இந்த இரண்டு மாவட்டத்திலும் நாங்கள் இல்லை. ஆனால் ஆளை எண்ணினால் பதுளையில் ஒன்றரை இலட்சம், கண்டியில் எண்பதாயிரத்துக்கு மேல்! பதுளையில் உள்ளவர்கள் மட்டுமே சில சிறிய மாவட்டங்களின் மொத்தச் சனத்தொகையை விட அதிகம். வீதத்தைப் பூசி எண்ணிக்கையை மறைக்கிறீர்கள்.

பரப்பளவு இன்னொரு ஏமாற்று. காடும் ஒதுக்குநிலமும் நிறைந்த பெரிய பிரிவு படத்தில் பெரிதாகத் தெரியும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். லயத்தில் பத்தடிக்கு ஒரு குடும்பம் இருக்கும், படத்தில் ஊசிமுனை இடம். ஹோட்டன் சமவெளியில் மான்தான் மேய்கிறது. அதற்கும் ஓர் இனத்தின் நிறம் பூசியிருக்கிறீர்கள். இதற்கு மாற்றாகப் புள்ளி வரைபடம் செய்கிறவர்களைப் பார்த்தேன், நல்ல முயற்சி. ஆனால் கணினி பிரிவின் எல்லைக்குள் கண்டபடி புள்ளிகளைத் தூவுவதால், அவற்றில் ஒரு பங்கு காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் மவுசாகலைத் தண்ணீரிலும் விழுந்து கிடக்கிறது. நீர்நிலை, காடு, தேயிலை மலை இவற்றைக் கழித்துவிட்டுக் குடியிருப்பு உள்ள இடத்தில் மட்டும் புள்ளியை வைக்க முடியும். லயங்கள் எங்கே என்று நில அளவைப் படங்களிலேயே இருக்கிறது. அதைச் செய்யக் கொஞ்சம் நேரம் அதிகமாகும், அவ்வளவுதான்.

சிலர் குறுக்கு வழியாகத் தோட்டத்துறை என்ற பிரிவை எடுத்து, அதுவே மலையகத் தமிழர் என்று வரைகிறார்கள். குடிசன மதிப்பீட்டில் தோட்டத்துறை என்பது 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட, 10 அல்லது அதற்கு மேற்பட்ட வதியும் தொழிலாளர் உள்ள பெருந்தோட்டம். அது ஒரு வகை நிலத்தின் கணக்கு. தோட்டத்தில் சிங்களத் தொழிலாளரும் இருக்கிறார்கள். நகரத்திலும் கிராமத்திலும் வாழும் மலையகத் தமிழரோ ஏராளம். ஹட்டனில் கடை வைத்திருப்பவர், கொழும்பில் உணவகத்தில் வேலை செய்பவர், கண்டியில் ஆசிரியராக இருப்பவர் எல்லோரும் இந்தப் படத்திலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். தோட்டத்தை விட்டு இறங்கினால் நீ இந்தச் சமூகத்தில் இல்லை என்று அந்தப் படம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறது.

எல்லைகள் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லையை வானத்திலிருந்து விழுந்ததாக எடுத்துக்கொள்கிறீர்கள். 2012இல் நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் ஐந்தே ஐந்துதான். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டிலும் தலா இரண்டு இலட்சம் பேர். நாட்டின் வேறு பகுதிகளில் சில ஆயிரம் குடும்பங்களுக்கே ஒரு செயலகம் இருக்கிறது. பிரதேச சபைகளும் அப்படித்தான் கிடந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த இரண்டு சபைகளும் ஆறாகின. தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. எங்களை அகலமான பிரிவுகளுக்குள் கரைத்தே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவுகளின் சராசரியை எடுத்து வரைந்தால், அதே கரைப்பை நீங்களும் இன்னொரு முறை செய்கிறீர்கள். நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம அலுவலர் பிரிவுகள் நாட்டில் சுமார் 14,000 இருக்கின்றன. அந்த மட்டத்தில் வரைந்த படத்தை ஒருமுறை பார்த்தால், வெள்ளை என்று நினைத்த சரிவுகளில் நாங்கள் இருப்பது தானே தெரியும்.

நுணுக்கமாக வரையுங்கள் என்று கேட்கிற நானே ஓர் எல்லையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1983 யூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அதை அனுபவித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே எந்த வீதியில், எந்த வீட்டு வரிசையில் எந்த இனம் என்று காட்டும் படத்தை யாரும் வெளியிடக்கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி என்று வைப்பது சிலருக்குத் தொழில்நுட்பச் சாதனையாகத் தெரியலாம். எங்களுக்கு அது முகவரி. ஒரு சிங்களக் கிராமத்து நடுவில் தனியாக இருக்கும் நாலு தமிழ்க் குடும்பத்தின் மேல் புள்ளி வைக்காதீர்கள். தமிழ்ப் பகுதி நடுவில் தனியாக இருக்கும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

வேடர் சமூகத்தின் நிலை எங்களை விடக் கடினம். 2012 அட்டவணையில் அவர்களுக்குத் தனி நிரலே இல்லை, ஏனையோர் என்பதற்குள் போய்விட்டார்கள். கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் பலர் தமிழர் என்றே பதிவாகிறார்கள். அவர்கள் சார்பில் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் கேட்பதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

இவற்றைத்தான் கேட்கிறேன்.

மலையகத் தமிழர் நிரலையும் இலங்கைத் தமிழர் நிரலையும் தனித்தனியாக வரைகிற ஒவ்வொரு முறையும், இரண்டையும் கூட்டிய மூன்றாவது படமொன்றைப் பக்கத்தில் போடுங்கள். மொழிச் சேவை, எச்சரிக்கை, சுகாதாரம், பாடசாலை ஆகியவற்றுக்கான படமென்றால் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்த கணக்கு கட்டாயம் வேண்டும். எட்டில் ஒரு பங்கைத் தாண்டும் பிரிவுகளைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள்.

இரண்டு குடிசன மதிப்பீடுகளை ஒப்பிடுகிறபோது, இறக்கத்தை வெளியேற்றம் என்று எழுதுவதை நிறுத்துங்கள். நிரல் மாற்றம் நடந்திருக்கலாம் என்ற குறிப்பு படத்துக்குள்ளேயே, கண்ணில் படும் எழுத்தில் இருக்க வேண்டும். 1971, 1981, 2012, 2024 ஆகிய நான்கையும் சேர்த்துக் காட்டினால் வாசகருக்குத் தானாகவே விளங்கும். 2001ஐப் பாவிப்பதானால், அது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

பெரும்பான்மை நிறம் பூசும் படத்தைத் திட்டமிடலுக்குப் பாவிக்காதீர்கள். கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில், வீதத்தோடு எண்ணிக்கையையும் காட்டுங்கள். ஐந்து வீதம், பத்து வீதம் என்று ஒரு கோட்டைக் கிழித்து அதற்குக் கீழுள்ளதை வெள்ளையாக விடாதீர்கள். தரவு இல்லாத இடத்துக்கு ஒரு குறி, ஆட்கள் குறைவாக உள்ள இடத்துக்கு வேறொரு குறி வையுங்கள். புள்ளி வைப்பவர்கள் நூறு பேருக்கு ஒரு புள்ளி என்பதை விடக் கீழே இறங்க வேண்டாம். நீரையும் காட்டையும் கழித்துவிட்டு வையுங்கள்.

வெளியிடுவதற்கு முன், படத்தை அந்தந்தப் பகுதி ஆட்களுக்குக் காட்டுங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர், பிள்ளை மடுவத்துப் பராமரிப்பாளர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருக்கு எந்த லயத்தில் யார் என்று தெரியும். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் பிழையைக் காட்டித் தருவார்கள். படத்தின் தலைப்பும் விளக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். எங்களைப் பற்றிய படத்தை எங்களாலேயே வாசிக்க முடியாமல் ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பதை இனியும் ஏற்க மாட்டோம்.

கடைசியாக, கேகாலை, இரத்தினபுரி, மாத்தளை, களுத்துறை, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளுக்கு, இரண்டு தமிழ் நிரல்களையும் கூட்டித் திருத்திய படத்தை அடுத்த பருவமழைக்கு முன்னர் அனர்த்த முகாமைத்துவப் பணியில் இருப்போரின் கைகளில் சேருங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமானால், எங்கள் பகுதிக்கு நானும் என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வருகிறோம். லயம் லயமாக நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கேகாலை மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்